பதினான்காம் கொடிக்குச் சுற்றுவழி

டெல்வின் முனைப் பூங்காவில் ஒருவர் வழி தவற வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். மூன்று பக்கம் துறைமுகத் தண்ணீர், நடுவில் புல். புல்லின் மேல் இருபத்தாறு அத்தி மரங்கள், இரண்டு கழிப்பறைகள், ஒரு பழைய பீரங்கி. பீரங்கியின் மேல் ஏறி நின்றால் மொத்தப் பூங்காவும் தெரியும். ஏறாவிட்டாலும் தெரியும். எங்கள் ஊரில் கோடையான பிப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலையில், கையில் வரைபடமும் கட்டைவிரலில் திசைகாட்டியுமாக நூற்றுப் பதின்மூன்று பேரை எங்கள் ஓரியன்டியரிங் சங்கம் வழி கண்டுபிடிக்க அனுப்பியது இங்கேதான்.

விளையாட்டு எளியது. வரைபடத்தில் வரிசையாகப் பதினெட்டு வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் தரையில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி. விரலில் மாட்டிய குச்சியைக் கொடியோடு இருக்கும் பெட்டியில் வைத்தால் அது ஒரு சத்தம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளும். முதலில் முடிப்பவர் வென்றவர். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்பது அவரவர் சாமர்த்தியம். ஒரே ஒரு தடை: வரைபடத்தில் பாசிப்பச்சை நிறம் அடித்திருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தகுதி நீக்கம்.

சங்கத்தில் மூத்தவர்கள் எல்லாரும் காட்டு மனிதர்கள். முள்ளில் கிழிந்த கால்சட்டையைப் பதக்கம்போலக் காட்டுகிறவர்கள். பூங்காவில் போட்டி என்றதும் அவர்களுக்கு முகம் சுருங்கியது. கோடைத் தொடரின் கடைசிப் போட்டிக்கு வழித்தடம் அமைக்க யார் முன்வருகிறீர்கள் என்று செயற்குழுவில் கேட்டபோது எல்லாரும் அவரவர் ஷூ முனையைப் பார்த்தார்கள். அப்படித்தான் அந்த வேலை நோரீன் ஹால்பினுக்குக் கிடைத்தது.

நோரீன் முப்பது வருடம் ரயில்வேயில் நேர அட்டவணை தயாரித்தவர். பதினாறு வருடங்களுக்கு முன்னால், காட்டில் நடந்த மாநிலப் போட்டியில், ஒரு கொடியைத் தவறான பாறையில் கட்டிவிட்டார். சரியான பாறை நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. எண்பத்திமூன்று பேர் அந்தச் சரியான பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். புகார் போனது, போட்டி ரத்தானது, வழித்தடம் அமைப்பவர்கள் பட்டியலிலிருந்து நோரீனின் பெயரும் போனது. அன்றிலிருந்து சங்கத்தில் அவருக்குப் 'பாறை நோரீன்' என்று பெயர். கொலை செய்தவர்களுக்குக்கூட இந்த நாட்டில் பதினாறு வருடத்தில் பரோல் கிடைக்கும். நோரீனுக்குக் கிடைத்தது ஆரஞ்சு. ஒவ்வொரு போட்டியிலும் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு, ஓடி வருகிறவர்களுக்காக ஆரஞ்சுப் பழங்களை நான்காக நறுக்கிக்கொண்டு நின்றார்.

இப்போது செயற்குழு பெருந்தன்மையோடு ஒரு நிபந்தனை வைத்தது. இந்த ஒரு போட்டி. நடுவர் குழு ஏற்றுக்கொள்ளும்படியான ஒரே ஒரு புகார் வந்தாலும் பெயர் நிரந்தரமாக நீக்கப்படும். இல்லையென்றால் பட்டியலில் மறுபடி சேர்க்கப்படும்.

நோரீன் அந்தப் புல்வெளியை ஐந்து மாதம் அளந்தார். இருபத்தாறு மரங்களையும் இருபத்தாறு தடவை சரிபார்த்தார். ஒரு குப்பைத் தொட்டியை நகராட்சி இரண்டு மீட்டர் நகர்த்தியபோது தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார் என்று கேள்வி. கோடையில் காய்ந்து கிடந்த கரையோரத்தில் சதுப்புப் புல்லை மீண்டும் வளர்ப்பதற்காக முழங்கால் உயரத்தில் கயிறு கட்டி நகராட்சி அடைத்து வைத்திருந்த இடத்தைப் பாசிப்பச்சையாக வரைந்தார். அந்தச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு போனால் மட்டுமே எட்டக்கூடிய இடத்தில், கடலுக்குள் இறங்கும் பழைய கல்படிகளின் கடைசிப் படியில், பதினான்காம் கொடியை வைத்தார். தட்டையான பூங்காவில் மூளைக்கு வேலை கொடுத்த ஒரே இடம் அதுதான். பதிமூன்றிலிருந்து பார்த்தால் கொடி கண்ணெதிரே நூற்று எண்பது மீட்டரில் ஆடும். சுற்றிப் போனால் அறுநூற்று இருபது மீட்டர்.

அலை அட்டவணையும் பார்த்தார். மாலை ஆறேகாலுக்குத் தண்ணீர் வடிந்து கடைசிப் படி வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். கொடிகளைச் சரிபார்க்க வந்தவரும் காலை ஒன்பது மணிக்கு அந்தப் படியில் நின்று, காய்ந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வோம். அரசாங்கத்தின் அந்த உத்தரவு கடலுக்குப் போய்ச் சேருவதில்லை. அலை அட்டவணை அச்சடிப்பவர்கள் கடலின் பக்கம். 'கோடைக்காலத்தில் ஒரு மணி கூட்டிக்கொள்க' என்று அட்டையின் உள்பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருப்பார்கள். முப்பது வருடம் ரயில்களை நிமிட சுத்தமாக ஓடவிட்ட நோரீன் அதைக் கூட்ட மறந்துவிட்டார்.

ஆறரை மணிக்குப் பதினான்காம் கொடி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

கணுக்கால் புரண்டிருந்ததால் அன்று நான் ஓடவில்லை. முடிவுக் கோட்டருகே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஈரக் காலோடு முதலில் ஓடி வந்தது லூசிண்டா, சங்கத்திலேயே வேகமான பெண், பல்கலைக்கழக மாணவி.

"நோரீன், பதினாலு செம! ஷூவோட இறங்கிட்டேன். சூடா இருந்த காலுக்கு ஜில்லுன்னு இருந்துச்சு."

நோரீன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"தண்ணியா? எவ்வளவு தண்ணி?"

"இந்தா, ஆடுசதை வரைக்கும். ஏன், வேணும்னு வைக்கலையா?"

நோரீன் மேசைக்குக் கீழேயிருந்த பையிலிருந்து அலை அட்டவணையை எடுத்தார். புரட்டினார். பிறகு அட்டையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லாரும் ஈரக் காலோடும் இளித்த வாயோடும் வந்தார்கள். இடது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்திய, அறுபத்தைந்தைத் தாண்டிய பல் டாக்டர் ஒருவர், கடலில் இறங்கியது தன் சொந்த யோசனை என்பதுபோல எல்லாரிடமும் விவரித்துக்கொண்டிருந்தார். நோரீன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காத்திருந்தது ஒரே ஒரு முகத்துக்காக.

அந்த முகம் ஆறே முக்காலுக்குச் சற்று முன்னால் வந்தது. வாரிக் டன்ஸ்டெட், எழுபத்திநாலு வயது, ஓய்வுபெற்ற காப்பீட்டு மதிப்பீட்டாளர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய விபத்துகளில் ஓட்டை கண்டுபிடித்தவர். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் பிரிவில் ஒன்பது வருடமாக அவருக்குத்தான் கோப்பை. வயது ஏற ஏற வேகமும் ஏறும் அதிசய உடம்பு. காட்டில் அவரை முந்திப் போனவர்கள், அடுத்த கொடியில் அவர் தங்களுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டால், "வரைபடம் படிக்கத் தெரியணும் தம்பி" என்பார். பாறை விவகாரத்தில் புகார் எழுதியதும் அவர்தான்.

அவருடைய ஷூ காய்ந்திருந்தது. முகம்தான் நனைந்திருந்தது.

"ரெண்டாவது," என்றார், கணினியில் குச்சியைச் செருகி வந்த நேரச் சீட்டைப் பார்த்து. "அந்த முழங்கால்காரன்கிட்ட ஒண்ணரை நிமிஷத்துல போச்சு. ஒன்பது வருஷக் கோப்பை, ஒண்ணரை நிமிஷத்துல." மேசைப் பக்கம் திரும்பினார். "பாறை நோரீனுக்கு இப்ப கடல் நோரீன்னு பேர் மாத்திடலாமா?"

"வாரிக், எனக்குத் தெரியும். அது வந்து..."

"எங்கிட்டச் சொல்லாதே. நடுவர் குழுகிட்டச் சொல்லு. பேப்பர் இருக்கா?"

எங்கள் சங்கத்தில் புகாரை எழுத்தில், முடித்த பதினைந்து நிமிடத்துக்குள், நேர விவரங்களோடு தர வேண்டும். மற்றவர்கள் இதற்கு நாலு வரி எழுதுவார்கள். வாரிக் ஒன்றரைப் பக்கம் எழுதினார். பத்தி எண் போட்டார். பக்கத்திலேயே தொத்திறைச்சி வதங்கிக்கொண்டிருந்த அடுப்பின் புகை கண்ணில் பட்டபோதும் பேனா நிற்கவில்லை.

அன்றைய நடுவர் குழுவில் மூன்று பேர்: தலைவர் யூவன் ஸ்ட்ராஹன், மருந்துக்கடை வைத்திருப்பவர், சண்டையென்றால் காத தூரம் ஓடுகிறவர்; லெஸ்லி க்வாங், பள்ளி நூலகர், அவர் எதிலிருந்தும் ஓடுவதில்லை; மூன்றாவது, ஓட முடியாத நான். ஓர் அத்தி மரத்தடியில், கழிப்பறைக்குப் பத்தடி தள்ளி, நீதி வழங்க உட்கார்ந்தோம்.

உட்காரும் முன்பே நோரீன் வந்து அலை அட்டவணையை யூவன் மடியில் வைத்தார்.

"ஒரு மணி நேரத்தைக் கூட்ட மறந்துட்டேன். ஆறேகால்னு நினைச்சேன், ஏழேகால். என் தப்புதான். எழுதிக்கோ."

"உன்னை நாங்க இன்னும் கூப்பிடலையே."

"கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்லப்போறேன்."

"அப்ப கூப்பிடறப்ப வந்து சொல்லு. போ."

நோரீன் மேசைக்குத் திரும்பிப் போனார். கத்தியைக் கையில் எடுத்தார், நறுக்கவில்லை. யூவன் அட்டவணையைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? தப்பு நடந்திருக்கு. ஒத்துக்கிட்டா. புகாரை ஏத்துக்க வேண்டியதுதான். பாவம்."

"படிச்சுட்டு ஏத்துக்குவோம்," என்றார் லெஸ்லி. அவர் வாரிக்கின் ஒன்றரைப் பக்கத்தை நூலகத்துக்குத் திரும்பி வந்த புத்தகத்தில் கறை தேடுவதுபோலப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பத்தியில் நின்றார். நேரச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் மூன்றாவது பத்தி.

"வாரிக்கைக் கூப்பிடுங்க."

வாரிக் வந்தார். ஒரு கையில் ரொட்டியில் சுருட்டிய தொத்திறைச்சி, மறுகையில் விதிப்புத்தகம்.

"வாரிக், இந்த மூணாவது பத்தியை ஒரு தடவை வாயால சொல்லேன்," என்றார் லெஸ்லி.

"அதுல என்ன புரியலை? பதிமூணாம் கொடியில ஆறு இருபத்தேழு பத்து வினாடி. படிக்கு வந்து சேர்ந்தது ஆறு இருபத்தெட்டு அம்பத்திரெண்டு. பார்த்தா தண்ணி. கிட்டத்தட்ட தொடை வரைக்கும்."

"லூசிண்டா ஆடுசதைன்னு சொன்னா."

"அவ உயரம். நான் உட்கார்ந்து, கணுக்கால் டேப்பைப் பிரிச்சு, ஷூவைக் கழட்டி, சாக்ஸைக் கழட்டி, உள்ள இருக்கிற பாத அட்டையை உருவி, நனையாம வச்சு, அப்புறம் இறங்கினேன். எங்க கால் டாக்டர் செஞ்சு குடுத்தது அது, உப்புத் தண்ணி படக் கூடாது. கொடியில குச்சி வச்சப்ப ஆறு முப்பத்தொண்ணு நாப்பது. படியில மட்டும் ரெண்டு நிமிஷம் நாப்பத்தெட்டு வினாடி வீண். இவளோட அலட்சியத்தால."

யூவனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. சண்டையைத் தவிர்க்கிறவர்களுக்கு அது வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"ரெண்டு நாப்பத்தெட்டுங்கிறது கொஞ்சம் கூடுதலோ, வாரிக்? ஒரு அரை நிமிஷம்னு வச்சுக்கலாமே. அவசரத்துல ஞாபகம் இருக்காது பாரு."

"அரை நிமிஷமா! என் கடிகாரத்துல பட்டனை அமுக்கி எடுத்திருக்கேன். ஒரு வினாடி கம்மி கிடையாது."

"சரியா யோசிச்சு..."

"யூவன், நாப்பது வருஷம் நான் செஞ்ச வேலை இதுதான். எண்ணுல நான் தப்பு விடமாட்டேன்."

"நல்லது," என்றார் லெஸ்லி. "அப்ப பதிமூணுலேருந்து படிக்கு வந்து சேர உனக்கு ஆனது ஒரு நிமிஷம் நாப்பத்திரெண்டு வினாடி."

"ஆமா." வாரிக்கின் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்தது. "எழுபத்திநாலு வயசுல. அந்த முழங்கால்காரன் ஓடிக் காட்டட்டும் பாக்கலாம்."

"அவன் என்ன, லூசிண்டாவாலயே அந்த வேகத்துல ஓட முடியலை. அவளுக்கு இதே தூரத்துக்கு ரெண்டு நிமிஷம் பத்து வினாடி ஆயிருக்கு. இருபத்திரெண்டு வயசு."

லெஸ்லி வரைபடத்தைப் புல்லில் விரித்தார். திசைகாட்டியின் ஓரத்தை வைத்து, பாசிப்பச்சையைச் சுற்றி மெதுவாக, ஒவ்வொரு வளைவாக அளந்தார். அறுநூற்று இருபது மீட்டர். பிறகு பாசிப்பச்சைக்குக் குறுக்கே ஒரே கோடாக வைத்தார். நூற்று எண்பது.

சீட்டில் பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே இருந்தது மொத்தமாக நாலரை நிமிடம், அவ்வளவுதான். எழுபத்திநாலு வயதுக்காரர் ஒருவர் சுற்றுவழியில் ஓடி வர ஆகக்கூடிய நேரம்தான் அது. வாரிக் பேசாமல் இருந்திருந்தால் உலகத்தில் யாரும் அந்த எண்ணைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நேரில் பார்த்தவர் என்றும் யாரும் இல்லை. நாற்புறமும் திறந்த புல்வெளியில், வெட்ட வெளிச்சத்தில், ஆறடி மனிதர் கயிற்றைத் தாண்டிச் சதுப்பில் ஓடியிருக்கிறார். முடிவுக் கோட்டருகே நின்றிருந்த நாற்பது பேரும் அவரவர் நேரச் சீட்டில் ஏழாவது கொடியில் விட்ட நான்கு வினாடிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வாரிக்," என்றார் யூவன், கெஞ்சுகிற குரலில். "ரெண்டுல ஒண்ணு சொல்லு. ஷூ சட்டுனு கழண்டுடுச்சுன்னா, தண்ணியால உனக்கு நஷ்டம் இல்ல, புகார் இல்ல. கழலலைன்னா..."

வாரிக் தன் ஒன்றரைப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். மூன்றாவது பத்தியை. தன் கையெழுத்தில், வினாடி சுத்தமாக, கீழே தேதியோடு. இன்னொருவருடைய கோப்பாக இருந்திருந்தால் அவரே அதைப் படித்து முடித்ததும் பேனாவை மூடியிருப்பார்.

"கயிறு தாழ்வா கட்டியிருந்தது," என்றார் கடைசியில்.

"தாழ்வாத்தான் கட்டியிருக்கு," என்றார் லெஸ்லி.

"புல்லு ஒண்ணும் சாகலை. காட்டுல எல்லாம் இதை யாரு..." அங்கே நிறுத்திக்கொண்டார்.

"காட்டுல என்ன?"

வாரிக் தொத்திறைச்சியைப் பார்த்தார். ஒன்பது கோப்பைகளும் அந்த மரத்தடியில் எங்களோடு வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. நாங்கள் யாரும் அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காட்டில் மூன்றாவது பத்தி எழுதப்பட்டிருக்கவில்லை.

யூவன் விதிப்புத்தகத்தை அவர் கையிலிருந்தே வாங்கினார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. வாரிக் ஏற்கெனவே அதில் சீட்டு வைத்திருந்தார். புகார் தரும் உரிமை போட்டியாளருக்கு மட்டும் உண்டு. தகுதி நீக்கப்பட்டவர் போட்டியாளர் அல்ல. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். ஏழு இருபத்தைந்து.

நோரீனைக் கூப்பிட்டோம். கத்தியோடே வந்தார்.

"என் பேரை எடுத்துடறீங்க, அவ்வளவுதானே. சொல்லிடு யூவன், மென்னு முழுங்காதே."

"இல்ல. புகார் இல்ல."

"என்ன இல்ல? தண்ணியில கொடி நின்னுச்சு. நூத்திப் பதிமூணு பேர் பாத்திருக்காங்க."

"பாத்தாங்க. புகார் குடுத்தது ஒருத்தர். அவர் இப்ப போட்டியாளர் இல்ல. சதுப்புல ஓடியிருக்கார். அவரே எழுதிக் குடுத்துட்டார்."

"ஆனா தப்பு தப்புதானே?"

"தப்புதான். கேக்கத்தான் ஆள் இல்ல."

"அப்ப நான் குடுக்கிறேன் புகார்."

"நீ ஓடினியா?"

"இல்ல."

"அப்ப நீயும் போட்டியாளர் இல்ல. அடுத்த வருஷப் பட்டியல்ல உன் பேரை எழுதிட்டேன். இனிமே எதுவும் பேசாம போறியா? எனக்குப் பசிக்குது."

நீதி என்பது இதுதானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விதி இதுதான்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகுதி நீக்கம் ஆனவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், இருப்பதிலேயே தொலைவான கொடியைப் போய் எடுத்து வர வேண்டும். பதக்க வீரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு மலை ஏறி எடுத்து வந்திருக்கிறார்கள். இந்த வழக்கத்தைச் செயற்குழுவில் முன்மொழிந்தவர் யார் என்று பழைய குறிப்புகளில் தேடினால் வாரிக்கின் பெயர் இருக்கும்.

வாரிக் தானாகவே கிளம்பினார். இந்தத் தடவை நேரச் சீட்டைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தொத்திறைச்சியை மென்றுகொண்டு நாற்பது பேர் ஒரே திசையில் திரும்பி நின்றோம். தட்டையான பூங்காவின் பெருமையே அதுதான்: ஒருவர் நடந்தால் முழுவதும் தெரியும். பதிமூன்றாம் கொடி இருந்த இடத்தில் அவர் ஒரு கணம் நின்றார். எதிரே நூற்று எண்பது மீட்டரில் படிகள். கயிறு முழங்கால் உயரம். இடதுபக்கம் திரும்பி, கயிற்றின் ஓரமாக, வளைவு வளைவாக நடக்கத் தொடங்கினார்.

"ஓடுங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பல் டாக்டருடையது என்று நினைக்கிறேன்.

அவர் திரும்பி வந்தபோது சூரியன் எதிர்க்கரைக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கொடியையும் பெட்டியையும் நோரீனின் மேசையில் வைத்தார். ஷூவில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"படி காஞ்சு கிடக்கு," என்றார், அதுவும் ஒரு புகார் என்பதுபோல.

"தெரியும்," என்றார் நோரீன். "ஏழேகாலுக்கே காஞ்சிருக்கும். அட்டவணை சரிதான்."

மேசையில் இன்னும் நறுக்காத ஆரஞ்சு ஒரு பை நிறைய இருந்தது. நோரீன் கைகளைத் துடைத்துக்கொண்டு, கத்தியின் பிடியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நாலா நறுக்கணும்," என்றார். "ரெண்டா இல்ல."